மெட்ரோவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? கோவைக்கும் மதுரைக்கும் முன்னால் இருக்கும் வழிகள்

கோவை, மதுரை மெட்ரோ திட்ட அறிக்கைகளை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. முக்கியமாகச் சொன்ன காரணம் மக்கள்தொகை. 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு மாநகராட்சிகளிலும் 20 லட்சம் பேர் இல்லை. பயண தூரம் குறைவு, சாலைகளில் போதிய அகலம் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் கோபம் கிளம்பியது. அதே கணக்கெடுப்பில் 16 லட்சத்தைத் தொடாத ஆக்ராவுக்கும் 17 லட்சத்தைத் தொடாத பட்னாவுக்கும் 2019-லேயே ஒப்புதல் கிடைத்திருக்கும்போது அந்தக் கோபம் நியாயமானதுதான்.

ஆனால் கோபத்தோடு நின்றுவிட்டால் இரண்டு ஊருக்கும் ரயில் வராது. திரும்பவும் டெல்லியைக் கேட்பதா, தனியாரைக் கூப்பிடுவதா, சொந்தக் காசில் ஆரம்பிப்பதா என்று மாநில அரசு முடிவெடுத்தாக வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கேள்வி மேசை மேல்தான் இருக்கும். நல்ல வேளையாக, எல்லா வழியிலும் நமக்கு முன்பே நடந்தவர்கள் இருக்கிறார்கள். சென்னையே இரண்டு வழிகளில் நடந்து பார்த்துவிட்டது. ஹைதராபாத் மூன்றாவது வழியில் போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பேச்சு வந்தாலே 'யார் எத்தனை சதவீதம்' என்றுதான் சண்டை நடக்கிறது. சதவீதம் முக்கியம்தான். அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது இரண்டு: கடன் யாருடைய கணக்கில் ஏறுகிறது? ஆட்சி மாறினால் வேலையை நிறுத்தும் கை யாருடையது?

பாதிக்குப் பாதி

2017-ல் வந்த ஒன்றிய அரசின் மெட்ரோ கொள்கை மூன்று வழிகளைத் தருகிறது. இரண்டு அரசுகளும் சரிபாதிப் பங்குதாரர்களாக நிறுவனம் நடத்துவது ஒன்று. திட்டச் செலவில் 10 சதவீதத்தை ஒன்றியம் மானியமாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது இன்னொன்று. தனியாரைக் கொண்டுவந்து, கட்டுப்படியாகாத பகுதிக்கு மட்டும் ஒன்றியம் கைகொடுப்பது மூன்றாவது.

சென்னை முதல் கட்டம் முதல் வழியில் கட்டப்பட்டது. 2007 டிசம்பரில் நிறுவனம் பதிவானது, 2009 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நீளம் 45 கிலோமீட்டர், மதிப்பீடு 14,600 கோடி ரூபாய். இரண்டு அரசுகளும் பங்கு முதலாகத் தலா 15 சதவீதம் போட்டன. அதற்கு மேல் ஒன்றியம் 5 சதவீதமும் மாநிலம் 5.78 சதவீதமும் சார்நிலைக் கடனாகத் தந்தன. அதாவது மற்ற கடன்களை அடைத்த பிறகு திருப்பித் தந்தால் போதும் என்ற கடன். மீதி 59 சதவீதத்துக்குச் சற்று மேல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கொடுத்த நீண்ட காலக் கடன்.

இந்த அமைப்பு அரசியலை எப்படித் தாங்கியது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. திமுக ஆட்சியில் தொடங்கிய திட்டம் இது. 2011-ல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதாவுக்கு மோனோ ரயில் மேல்தான் விருப்பம். 111 கிலோமீட்டருக்கு மோனோ ரயில் என்று அறிவிப்பும் வந்தது. டெண்டர் மேல் டெண்டர் போட்டும் அது கடைசிவரை ஒரு தூணாகக்கூட எழவில்லை. ஆனால் மெட்ரோ வேலை நிற்கவில்லை. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் முதல் ரயிலைத் தொடங்கி வைத்தவர் அதே ஜெயலலிதா. நிறுவனத்தில் பாதி டெல்லியுடையது, தலைவர் ஒன்றிய அரசின் செயலர், நிர்வாக இயக்குநர் மாநிலத்தின் அதிகாரி, ஜப்பான் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிவிட்டன. தனியாக ஒருவர் நினைத்து நிறுத்திவிட முடியாது.

இப்படி ஒரு பிடி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டொரொன்டோவைச் சொல்லலாம். அங்கே எக்ளின்டன் சாலைக்குக் கீழே 1994-ல் சுரங்க ரயிலுக்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். 1995-ல் மாகாண ஆட்சி மாறியது. வந்தவர்கள் திட்டத்தை ரத்து செய்து, தோண்டிய பள்ளத்தை மண் போட்டு மூடினார்கள். பணம் முழுக்க ஒரே அரசின் கையில் இருந்தால், அந்தக் கை மாறும் நாளில் திட்டமும் போய்விடும்.

பாதிக்குப் பாதி என்றால் முழுப் பாதுகாப்பு என்றும் சொல்ல மாட்டேன். மும்பையின் மூன்றாவது தடமும் சரிபாதி நிறுவனம்தான். ஆனால் ஆரே பகுதியில் ரயில் பணிமனை கட்டுவதை 2019 நவம்பரில் உத்தவ் தாக்கரே அரசு நிறுத்தி வைத்தது. காஞ்சூர்மார்க்குக்கு மாற்றப் பார்த்தது. அந்த நிலம் யாருடையது என்று ஒன்றியத்தோடு வழக்கு. 2022-ல் அடுத்த அரசு வந்து மறுபடி ஆரேவுக்கே போனது. 23,136 கோடி என்று தொடங்கிய திட்டம் 37,276 கோடிக்குப் போய் நின்றது. பணிமனைச் சண்டை மட்டுமே இதற்குக் காரணம் இல்லை, ஆனால் மூன்று வருட இழுபறிக்கும் விலை உண்டு. ரயிலில் பாதி டெல்லியுடையதாக இருந்தாலும் நிலம் மாநிலத்தின் பொறுப்பு. கூட்டு நிறுவனத்தின் பலவீனமான இடம் அதுதான்.

பத்து சதவீதம்

சென்னை இரண்டாம் கட்டத்தின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 118.9 கிலோமீட்டர், மூன்று தடங்கள், 63,246 கோடி ரூபாய், நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுரங்கம். 2020 நவம்பரில் அமித் ஷா அடிக்கல் நாட்டினார். 2021 பிப்ரவரி பட்ஜெட் உரையில் நிர்மலா சீதாராமன் இதே நீளத்தையும் இதே தொகையையும் சொல்லி அறிவித்தார். அந்த ஆகஸ்டில், பெரிய திட்டங்களைப் பரிசீலிக்கும் ஒன்றியத்தின் பொது முதலீட்டு வாரியம் பரிந்துரை செய்தது. ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேதி 2024 அக்டோபர் 3.

இடைப்பட்ட மூன்று ஆண்டுகளும் இது 'மாநிலத் திட்டம்' என்ற பெயரில் ஓடியது. செலவில் ஏறத்தாழ 90 சதவீதம் தமிழ்நாட்டின் பொறுப்பு. நிலம் போன்ற சிலவற்றைக் கழித்துவிட்டு மீதியில் 10 சதவீதம் மட்டும் ஒன்றியத்தின் பங்கு. ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, பிரிக்ஸ் நாடுகளின் புதிய வளர்ச்சி வங்கி ஆகிய நான்கும் கடன் தந்தன. அந்தக் கடன் அத்தனையும் மாநிலத்தின் கடன் வரம்புக்குள் வந்து உட்கார்ந்தது.

கடன் வரம்பு என்பது வெறும் காகித விஷயம் இல்லை. ஒரு மாநிலம் ஒரு வருடத்தில் தன் பொருளாதார உற்பத்தியில் இத்தனை சதவீதம்தான் கடன் வாங்கலாம் என்று ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. வழக்கமாக அது 3 சதவீதம். மயிலாப்பூருக்குக் கீழே சுரங்கம் தோண்ட வாங்கிய ஒவ்வொரு ரூபாயும் அரசு மருத்துவமனைக்கோ தாமிரபரணிக் கரைக்கோ வாங்கியிருக்கக்கூடிய ரூபாயில் கழிந்தது. 2024-25 மாநில பட்ஜெட்டில் இந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் 12,000 கோடி ஒதுக்க வேண்டியிருந்தது. சென்னைக்காரர்களுக்கு ரயில் வருகிறது, சரி. ராமநாதபுரத்துக்காரருக்கு என்ன வருகிறது என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

2024 அக்டோபரில் ஒப்புதல் வந்த பிறகு என்ன மாறியது? கடன் தருபவர்கள் அதே நான்கு பேர். சுரங்கம் தோண்டும் இயந்திரங்கள் அதே இயந்திரங்கள். மொத்தத் தொகையும் அதே 63,246 கோடி. மாறியது கணக்குப் புத்தகம். 33,593 கோடிக் கடன் இனி ஒன்றிய அரசு வாங்கும் கடனாகக் கருதப்படும். ஒன்றிய பட்ஜெட் வழியாக நேரே மெட்ரோ நிறுவனத்துக்குப் போகும். அது போகப் பங்கு முதலும் சார்நிலைக் கடனுமாக ஒன்றியம் தருவது 7,425 கோடி. இரண்டையும் கூட்டித்தான் 'ஏறத்தாழ 65 சதவீதம் ஒன்றியத்தின் பணம்' என்று அறிவித்தார்கள்.

கூட்டாமல் பிரித்துப் பாருங்கள். 7,425 கோடி என்பது மொத்தத்தில் 12 சதவீதத்துக்கும் கீழே. 33,593 கோடி என்பது 53 சதவீதம், ஆனால் அது கடன். திருப்பிக் கட்ட வேண்டியது மெட்ரோ நிறுவனம். அதனால் முடியாதபோது மாநில அரசு கைகொடுக்க வேண்டும். ஆக, 10 சதவீதத்துக்கும் 65 சதவீதத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய இடைவெளியில் டெல்லி சும்மா கொடுத்த பணம் மிகக் குறைவு.

இதனால் ஒப்புதல் பிரயோஜனம் இல்லை என்று அர்த்தமில்லை. நேர்மாறாகச் சொல்கிறேன். 33,593 கோடி அளவுக்குத் தமிழ்நாட்டின் கடன் வாங்கும் இடம் காலியாகிறது. அந்த இடத்தில் மாநிலம் வேறு வேலைகளைச் செய்துகொள்ளலாம். 'டெல்லி எத்தனை சதவீதம் தந்தது' என்ற கட்சி விவாதத்தில் இரண்டு பக்கமும் இந்த உண்மையை விட்டுவிடுகிறது. ஒன்றியம் தருவதில் பெரிய பங்கு, தன் பெயரில் கடன் வாங்கித் தரும் வசதி. அதைத் தருவதால் ஒன்றியத்துக்கும் பெரிய இழப்பு கிடையாது. அதனால்தான் அதை மூன்று வருடம் இழுத்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோவைக்கும் மதுரைக்கும் கேட்கும்போது நம் பக்கம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

தனியார்

டெல்லி தராவிட்டால் தனியாரைக் கூப்பிடலாமே என்று கோவையில் தொழில் நடத்துபவர்கள் சிலர் நினைக்கக்கூடும். ஹைதராபாத்தைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

அங்கே 2008-ல் ஏலம் எடுத்த மேடாஸ் நிறுவனக் கூட்டணி அரசிடம் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. தானே அரசுக்கு 30,311 கோடி தருவதாகச் சொன்னது. மெட்ரோ கட்டி அரசுக்குப் பணமும் தருவது எப்படி? நிலம்தான். கூடவே கிடைக்கும் நிலத்தில் மனை வணிகம். டெல்லி மெட்ரோவின் ஸ்ரீதரன் அப்போதே இதை எதிர்த்து எழுதினார். 2009 ஜனவரியில் சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளியானதும், அதை நடத்திய குடும்பத்தின் மேடாஸும் ஆட்டம் கண்டது, ஒப்பந்தம் ரத்தானது. பிறகு 2010-ல் எல்&டி எடுத்தது. ஒன்றியத்தின் கைகொடுப்பு 1,458 கோடி. நிலையங்களையும் பணிமனைகளையும் ஒட்டிய இடங்களில் வணிக வளாகம் கட்டிக்கொள்ளும் உரிமையும் சேர்த்துத் தரப்பட்டது.

கட்டிய தரத்தில் குறை சொல்ல மாட்டேன். 2017 நவம்பரில் தொடங்கி 2020 பிப்ரவரிக்குள் 69 கிலோமீட்டர் ஓடியது. ஆனால் கட்டி முடித்த சில வாரங்களில் கொரோனா. பஞ்சாகுட்டாவிலும் ஹைடெக் சிட்டியிலும் கட்டிய வணிக வளாகங்கள் எதிர்பார்த்த வருமானத்தைத் தரவில்லை. 2023 டிசம்பரில் தெலங்கானாவில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் வந்தது. நல்ல திட்டம் அது. ஆனால் கட்டணத்தை நம்பி கடன் வாங்கிய நிறுவனத்துக்கு அது அடி. மக்களுக்கு நல்லது செய்யும் ஒரு முடிவை அரசு எடுத்தால்கூட ரயில் நடத்துபவர் நஷ்டம் என்று சொல்லும் நிலை இந்த வழியில் வந்துவிடுகிறது.

அடுத்த கட்டத்துக்கு ஒன்றியத்தின் ஒப்புதல் கேட்டபோது, பழைய தடம் தனியாரிடம், புதிய தடம் அரசிடம், இரண்டையும் எப்படி இணைப்பது என்ற சிக்கல் வந்தது. கடைசியில் 2025 செப்டம்பரில் எல்&டி வெளியேறவும் தெலங்கானா அரசு ஏறத்தாழ 13,000 கோடிக் கடனை ஏற்கவும், பங்குக்காக 2,000 கோடி தரவும் கொள்கையளவில் ஒப்புக்கொண்டார்கள். பதினைந்து வருடம் கழித்துக் கடன் அரசின் மடிக்கே வந்து சேர்ந்தது.

இது ஹைதராபாத்தோடு நிற்கவில்லை. டெல்லி விமான நிலையத் தடத்தை நடத்திய ரிலையன்ஸ் இன்ஃப்ரா 2013-ல் கைவிட்டுப் போனது. அதைத் தொடர்ந்த வழக்கு 2024-ல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. குருகிராம் ரேபிட் மெட்ரோவும் 2019-ல் அரசுத் தரப்புக்கு வந்துவிட்டது. முழுத் தடத்தையும் தனியாரிடம் கொடுக்கும் வழியை நான் ஒதுக்கிவிடுவேன். துப்புரவு, பயணச்சீட்டு, ரயில் பராமரிப்பு மாதிரி பகுதி வேலைகளுக்குத் தனியார் வரலாம், அது வேறு விஷயம்.

சொந்த வருமானம்

நான்காவது வழி, ரயிலுக்கென்றே ஒரு நிரந்தர உள்ளூர் வருமானத்தை உண்டாக்கிக்கொள்வது. லாஸ் ஏஞ்சலஸ் இதற்கு நல்ல உதாரணம். 1985-ல் அங்கே ஒரு கடையில் மீத்தேன் வாயு வெடித்தது. அதைக் காரணம் காட்டி வில்ஷயர் சாலைக்குக் கீழே சுரங்கம் தோண்ட கூட்டாட்சி அரசின் பணம் தரக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தத் தடை 2007 வரை நீடித்தது. 2008-ல் கவுன்டி மக்கள் விற்பனை வரியில் அரை சதவீதம் கூட்டிக்கொள்ளத் தாங்களே வாக்களித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை, 67 சதவீதம் கிடைத்தது. 2016-ல் இன்னொரு அரை சதவீதத்துக்கு 71 சதவீதம் ஆதரவு. இந்த நிரந்தர வருமானம் கையில் இருந்ததால்தான் வாஷிங்டனிடம் மானியம் கேட்டுப் போகும்போது அவர்களால் தைரியமாக உட்கார்ந்து பேச முடிந்தது.

பாரிஸ் இதைவிடப் பெரிதாகச் செய்தது. 200 கிலோமீட்டர் புதிய தடங்களுக்கு 2010-ல் தனிச் சட்டம், தனி நிறுவனம், அலுவலகக் கட்டடங்கள் மீது தனி வரி. அந்த வரியை நம்பி நிறுவனம் கடன் பத்திரம் விடுகிறது. லண்டனில் எலிசபெத் தடத்துக்காகப் பெரிய வணிகக் கட்டடங்கள் மீது 2010-லிருந்து கூடுதல் வரி போட்டார்கள். ஹாங்காங் ரயில் நிறுவனம் நிலையத்துக்கு மேலேயே குடியிருப்பு கட்டி விற்கிறது. ஆனால் அங்கே நிலம் அரசுடையது. நம் ஊரில் ஒவ்வொரு சென்ட்டுக்கும் பட்டாதாரர் இருக்கிறார், ஆகவே அந்த வழி பெரிய அளவில் நமக்கு ஒத்துவராது.

இந்தியாவில் மகாராஷ்டிரம் மெட்ரோ ஊர்களில் பத்திரப் பதிவின்போது ஒரு சதவீதம் கூடுதலாக வாங்குகிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக ஏற்கெனவே 9 சதவீதம். வீடு வாங்கும் நடுத்தரக் குடும்பத்திடம் இன்னும் ஒரு சதவீதம் கேட்பது அநியாயம். அதற்குப் பதில், தடத்தின் இரு பக்கமும் கூடுதல் மாடி கட்ட அனுமதி கேட்பவர்களிடம் வாங்கும் கட்டணத்தையும், அந்தப் பகுதியில் பதிவு வருமானம் உயரும்போது அந்த உயர்வில் ஒரு பங்கையும் மெட்ரோ நிதிக்கென்று ஒதுக்கலாம். அவினாசி சாலையில் இடம் வைத்திருப்பவருக்கு மெட்ரோ வந்தால் விலை ஏறும். அந்த ஏற்றம் பொதுப் பணத்தில் வந்தது, அதில் ஒரு பங்கு பொதுவுக்குத் திரும்புவது நியாயம்.

பெங்களூரில் நிறுவனங்களே நிலையங்களுக்குப் பணம் தருகின்றன. இன்ஃபோசிஸ் அறக்கட்டளை கோணப்பன அக்ரஹாரா நிலையத்துக்குத் தந்தது. கோவையின் பஞ்சாலை, பம்பு, மருத்துவமனைக் குழுமங்களிடம் இப்படிக் கேட்கலாம். பெரிய தொகை வராது, ஆனால் ஊர் தன் ரயில் என்று நினைக்க அது உதவும்.

மெட்ரோவுக்குப் பதிலாக ஒன்றியம் சொன்ன விரைவுப் பேருந்துத் தடம் பற்றியும் ஒரு வார்த்தை. தனி வழி கிடைத்தால் பேருந்து நல்ல வண்டிதான், அகமதாபாத்தில் ஓடுகிறது. ஆனால் சாலையில் அகலம் இல்லை என்று மெட்ரோவை மறுத்துவிட்டு, அதே சாலையில் பேருந்துக்குத் தனித் தடம் போடச் சொல்வது எனக்குப் புரியவில்லை. மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் தரைக்குக் கீழே போவதைத் தவிர வேறு இடமே இல்லை.

சரி, எதை எடுப்பது?

கோவைக்கு 39 கிலோமீட்டர், 10,740 கோடி. மதுரைக்கு 32 கிலோமீட்டர், 11,368 கோடி. இரண்டும் சேர்த்து 22,108 கோடி. சென்னை முதல் கட்டத்தின் பங்கீடு கிடைத்தால் மாநிலத்தின் நேரடிப் பங்கு ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல், ஏறத்தாழ 4,600 கோடி. இரண்டாம் கட்டத்தின் 35 சதவீதக் கணக்கில் 7,700 கோடி. பத்து சதவீத வழியில் போனால் கிட்டத்தட்ட 19,900 கோடி மாநிலத்தின் தலையில், அதில் பெரும்பகுதி கடன் வரம்புக்குள். ஐந்து வருடத்தில் கட்டுவதாக வைத்தால் முதல் கணக்கில் ஆண்டுக்கு 900 கோடிச் சொச்சம், கடைசிக் கணக்கில் ஆண்டுக்கு 4,000 கோடி.

இந்த எண்களைப் பார்த்த பிறகு என் முடிவு இது. பாதிக்குப் பாதி வழியை விடக் கூடாது. அறிக்கைகளைப் புதுப்பித்து, மாநகராட்சி எல்லையோடு நிறுத்தாமல் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த மக்கள்தொகையோடு, கடன் வரம்பு வாதத்தை முன்னால் வைத்துத் திரும்ப அனுப்ப வேண்டும். ஆனால் ஒப்புதல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் கூடாது. ஆண்டுக்கு 900 கோடி மாநிலத்தால் முடியாத தொகை இல்லை. 2025 அக்டோபரில் கோவையில் திறந்த பத்து கிலோமீட்டர் அவினாசி சாலை மேம்பாலத்துக்கு 1,791 கோடியை மாநிலமே செலவழித்தது. அந்த அளவு பணத்தை இரண்டு ஊர்களுக்குமான மெட்ரோ நிதியாகச் சட்டம் போட்டுத் தனியே வைக்க வேண்டும். அடுத்த ஆட்சி வேறு திட்டத்துக்கு எடுத்துவிடாதபடி.

அந்தப் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது நிலம். பணிமனைக்கான இடம், நிலைய வாசல்களுக்கான இடம், மின் வழித்தடங்களையும் குடிநீர்க் குழாய்களையும் இடம் மாற்றுவது. எந்த வழியில் பணம் வந்தாலும் இது மாநிலத்தின் வேலை. இதற்கு டெல்லியின் கையெழுத்து வேண்டாம். மும்பை மூன்று வருடம் தடுமாறியது பணிமனையில்தான். நீலாம்பூரிலும் திருமங்கலத்திலும் நில விலை இன்னும் ஏறுவதற்குள் இதை முடித்துவிட்டால், ஒப்புதல் எந்த ஆண்டு வந்தாலும் மறுநாளே தூண் எழுப்ப ஆரம்பிக்கலாம்.

இரண்டு மூன்று வருடம் கேட்டும் ஒப்புதல் வராவிட்டால் மட்டும் பத்து சதவீத வழி. அப்போதும் இரண்டு ஊரிலும் முழுத் தடத்தைத் தொடங்கக் கூடாது. கோவையில் உக்கடத்திலிருந்து அவினாசி சாலை வழியாக விமான நிலையம் வரையிலான மேல்தளத் தடத்தை எடுத்துக்கொள்ளலாம். சுரங்கம் இல்லாததால் செலவு கட்டுக்குள் இருக்கும். மதுரைக்கு அது போதாது. கோயிலைச் சுற்றிய சுரங்கத்தை விட்டுவிட்டால் மதுரை மெட்ரோவுக்கு அர்த்தமே இல்லை, அந்தச் சுரங்கமோ மாநிலத்தின் கடன் வரம்பை அதிகமாகத் தின்னும் பகுதி. ஆகவே ஒன்றியத்தோடு நடக்கும் பேச்சில் இரண்டில் ஒன்றைத்தான் தருவோம் என்று வந்தால், மதுரையைக் கேட்டு வாங்க வேண்டும்.